தோட்டத்துப் பாலும் வேதியியல் பாடமும்

மலேசிய இடைநிலைப்பள்ளிகளின் ஐந்தாம் படிவ வேதியியலில் ரப்பர்ப் பால் உறைதல் ஒரு பாடமாக அமைந்துள்ளது. மாணவர்க்கு அஃது ஒரு தேர்வு வினா. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் குடும்பங்களுக்கோ அது பாட்டன் பாட்டியர் செய்த தொழில்.

1890களில் காஜாங்கிலுள்ள இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் பயிரிட்டனர். பின்னர்ச் சிலாங்கூரின் காப்பித் தோட்டங்கள் பலவும் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. அங்குப் பால் வெட்டுவதற்குத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொண்டுவரப்பட்டனர்.

வெட்டி எடுத்த பாலைக் கட்டியாக்குவது எங்ஙனம் என்பதே அக்காலத்துச் சிக்கல். அமேசான் காடுகளில் மரக்கழியின்மேல் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிப் புகையில் வாட்டினர். தோட்டத் தொழிலுக்கு அம்முறை ஏற்றதன்று. 1898-99ஆம் ஆண்டுகளில் இலங்கையின் பேராதனைத் தாவரத் தோட்டத்தில் ஆய்வு செய்த ஜான் பார்க்கின், அசெட்டிக் அமிலத்தால் பாலை உறைய வைக்கலாம் எனக் காட்டினார். பிற்காலத்தில் பார்மிக் அமிலம் பெருவழக்காயிற்று.

அமிலம் பாலை உறையச் செய்வது ஏன்? ரப்பர்ப் பால் ஒரு கூழ்மம். அதிலுள்ள நுண்ணிய ரப்பர்த் துகள் ஒவ்வொன்றையும் எதிர்மின் சுமையுடைய புரதப் படலம் சூழ்ந்துள்ளது. ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்கும்; ஆதலின் துகள்கள் ஒட்டுவதில்லை. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அச்சுமையைச் சமன்செய்தவுடன் துகள்கள் மோதுகின்றன, படலம் கிழிகிறது, ரப்பர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

தோட்டத்து மக்கள் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். மங்கில் நெடுநேரம் கிடந்த பால் தானே உறைந்துவிடும். நுண்ணுயிர்கள் தோற்றுவிக்கும் அமிலமே அதற்குக் காரணம். அவ்வாறு உறைந்த கட்டிப்பாலுக்கு விலை குறைவு. அதனைத் தடுக்கச் சிறிது அம்மோனியா சேர்ப்பதுண்டு. அதன் ஹைட்ராக்சைடு அயனிகள் அமிலத்தை நடுநிலையாக்கும். கொட்டகையில் பாலுடன் நீர் கலந்து, நீர்த்த அமிலத்தை அளவறிந்து ஊற்றினர். உறைந்த பாலை மறுநாள் உருளையில் தகடாக்கிப் புகைக்கூடத்தில் உலர்த்தினர். அளவு தவறினால் சரக்குக் கெடும். நீர்க்காத அமிலம் பட்டால் தோல் புண்ணாகும். நாள்தோறும் நடந்த வேதியியல் செய்முறை அன்றோ இது!

ஆயினும் இத்திறமைக்குத் தக்க மதிப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் ஊதிய உயர்வும் மரியாதையான நடத்துமுறையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அது துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டது; உயிர்களும் பலியாயின.

1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் பெரியதோர் ஆய்வுத் தோட்டத்தை நடத்தியது. அந்நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா நகரியம் எழுந்துவருகிறது. தோட்டங்கள் மறைந்தன, பாடம் மட்டும் நூலில் எஞ்சியுள்ளது. பார்க்கினின் பெயரை வரலாறு காத்துள்ளது. கொட்டகையில் அமிலம் அளந்து ஊற்றியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

தமிழாசிரியர்கள் இவ்வரலாற்றைத் தமிழ்ப்பள்ளியிலேயே சொல்லி வைப்பாராயின், பின்னாளில் ஐந்தாம் படிவ நூலைத் திறக்கும் மாணவர் வேதியியலை அயலார் கலையென்று அஞ்சமாட்டார். தம் பாட்டி கையாண்ட பொருளின் விளக்கத்தையே படிக்கிறோம் என்ற உரிமை அவருக்குப் பிறக்கும்.