மண் முந்தி, மன்றம் பிந்தி: சால்ட் லேக்கின் ஆட்சியும் தொழிலும்

ட்ராஃபோர்ட் என்றதும் நம்மவர்க்கு மாஞ்செஸ்டரின் கிரிக்கெட் மைதானம்தான் நினைவுக்கு வரும். ஆட்சி வரலாறு படிப்பவர்க்கு அவ்வூரில் வேறு சுவையும் உண்டு. 1894இல் கப்பல் கால்வாய் திறந்தது. 1896இல் அதன் கரையிலிருந்த பிரபு குடும்பத்தின் பூங்கா விலைபோய், உலகின் முதல் திட்டமிட்ட தொழிற்பேட்டையாக மாறியது. ஆலைகளை அடுத்துத் தொழிலாளர் குடியிருப்பு எழுந்தது; அதன் தெருக்களுக்குப் பெயர் தேடாமல் எண்களையே இட்டார்கள். ட்ராஃபோர்ட் மெட்ரோபாலிடன் பரோ என்ற உள்ளாட்சி அமைப்போ 1974இல்தான் பிறந்தது.

கொல்கத்தாவின் கிழக்கே சால்ட் லேக்கில் இந்த வரிசை புரண்டது. இங்கே தொடக்கத்தில் ஆலையும் இல்லை, ஊரும் இல்லை. நிற்க நிலமே இல்லை. வித்யாதரி ஆற்றின் வழியே கடலின் ஏற்றநீர் வந்துபோன உவர்ப்பரப்பு இது. ஆறு தூர்ந்து உப்புநீர் வரத்து நின்றதும், மீன் வளர்ப்போர் நகரத்தின் கழிவுநீரைக் குளங்களில் விட்டுப் பக்குவப்படுத்தி மீன் பெருக்கினர். அக்குளங்களை அவர்கள் பேரி என்பார்கள். அருகிலிருந்த மகிஷ்பாத்தான் கிராமம் 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த இடம். வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பெடுத்த அதே ஆண்டு. ஆகவே, சால்ட் லேக்கை வெற்றுச் சதுப்பில் முளைத்த நகரம் என்று எழுதுவது சரியன்று. பிழைப்பும் அரசியலும் அங்கே முன்பே இருந்தன.

பிரிவினைக்குப் பின் அகதிகளால் பிதுங்கிய நகரத்துக்குக் கிழக்கே இடம் உண்டாக்கத் துணிந்தவர் முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய். பணி யூகோஸ்லாவியாவின் இன்வெஸ்ட் இம்போர்ட் நிறுவனத்துக்குப் போனது. நகரை வரைந்தவர் டோப்ரிவோயே டோஷ்கோவிச். ஹூக்ளி ஆற்றின் அடியிலிருந்து வண்டலை அள்ளி, நீரோடு குழைத்து, நெடுந்தூரக் குழாய் வழியே ஏரிக்குள் பாய்ச்சினார்கள். கரைகட்டிய பாத்திகளில் வண்டல் படிந்தது. மேல்நீர் கால்வாய்க்கு வடிந்தது. கப்பல் போக்குவரத்துக்குத் தீராத் தொல்லையான வண்டலே குடியிருப்புக்கு மனையானது. 1962 ஏப்ரலில் வேலை தொடங்கியது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள், தம் பிறந்தநாளிலேயே ராய் மறைந்தார். பின்னாளில் ஊர் அவர் பெயரால் பிதான்நகர் ஆயிற்று. மக்கள் வாயில் இன்றும் சால்ட் லேக்தான்.

மனைகள் 999 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்பட்டன. இதை நுணுகிப் பார்க்க வேண்டும். இங்கு வீடு கட்டியவர் அரசின் குத்தகைதாரர். சாலையும் குடிநீரும் அப்போது அரசுத் துறைகளின் பொறுப்பு. தண்ணீர்த் தொட்டிகளின் எண்களே பேருந்து நிறுத்தங்களின் பெயராகிவிட்ட ஊர் இது. மாநகராட்சியோடு மல்லுக்கட்டிப் பழகிய கொல்கத்தாக்காரருக்கு இந்த அமைதி பிடித்திருந்தது போலும். 1972 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு நடந்து ஊர் நாடறிந்தது. ஆனால் பிதான்நகர் நகராட்சி உருவானது 1995இல்தான், அதாவது வேலை தொடங்கி முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து.

தொழில் வந்த கதை ஊரின் ஐந்தாம் பகுதியான செக்டர் ஐந்தில். 1974இல் மாநில அரசு வெபெல் என்னும் மின்னணுத் தொழில் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. புகை கக்காத தொழிலே இங்கு வேண்டும் என்பதால் மின்னணுப் பொருள்களைத் தேர்ந்தார்கள். எல்லை மாநிலம் என்று காரணம் காட்டி மத்திய அரசு இதற்கு முட்டுக்கட்டை போட்டதாக முதலமைச்சர் ஜோதி பாசுவின் அரசு நெடுநாள் குறைகூறி வந்தது. 2000க்குப் பின், அடுத்த முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா காலத்தில் மென்பொருள் நிறுவனங்கள் திரண்டன. தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய பழைய தலைமுறைத் தமிழர் மத்திய அரசு அலுவலகங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் போனார்கள்; இன்று ரயிலிறங்கும் இளைஞர் பலர் நேரே வருவது இங்கேதான்.

2006இல் செக்டர் ஐந்துக்கென நபதிகந்தா தொழில் நகரிய ஆணையம் அமைந்தது. வரி வசூல், சாலை, வடிகால், குப்பை எல்லாம் அதன் பொறுப்பு. அதை நடத்துவோரை அரசே நியமிக்கிறது. தொழில் நகரியத்தில் நகராட்சி அமைக்காமல் விடலாம் என்று அரசியலமைப்பின் 243கியூ பிரிவே இடம் தருகிறது. நிர்வாகத்துக்கு இது வசதி. விரைவாக வேலை நடந்ததையும் மறுக்க முடியாது. ஆனால் பகலெல்லாம் அங்கு உழைப்பவரும், நடைபாதையில் அவருக்குச் சோறு போடும் கடைக்காரரும் சாக்கடை அடைத்தால் எந்த வார்டு உறுப்பினரிடம் போய் நிற்பது?

ட்ராஃபோர்டும் இவ்வழி போய்ப் பார்த்தது. நலிந்த தொழிற்பேட்டையை மீட்க 1987இல் அரசு நியமித்த வளர்ச்சிக் கழகத்திடம் கட்டட அனுமதி அதிகாரம் போனது. 1998இல் கழகம் கலைக்கப்பட, அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கே திரும்பியது. சால்ட் லேக்கில் 2015இல் ராஜர்ஹாட்-கோபால்பூர் நகராட்சியையும் இணைத்து 41 வார்டுகளோடு பிதான்நகர் மாநகராட்சி எழுந்தபோதும் நபதிகந்தா தனியே நின்றது. 2020 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில் செக்டர் ஐந்தையும் சால்ட் லேக் விளையாட்டரங்கத்தையும் ஒரே தடத்தில் இணைத்துவிட்டது. அந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே உள்ளாட்சி மட்டும் மாறுகிறது.