கூரை ஒன்று, உரிமையாளர் பன்னிருவர்: கிளாஸ்கோ வீட்டுவசதிச் சங்கங்களின் தோற்றமும் வளர்ச்சியும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வீட்டுவசதிச் சங்கங்கள் பெருகியதற்கு 1974ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தையே பொதுவாகக் காரணம் காட்டுவர். சங்கங்களுக்குப் பணம் வந்த வழியை அச்சட்டம் விளக்கும். நாலைந்து தெருவுக்கு ஒன்றாக, அத்தனை சிறிய அளவில் அவை ஏன் பிறந்தன என்பதை விளக்காது. அதற்கான விடை அந்நகரத்துப் பழைய கல் வீடுகளின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் தளங்களையும் இரும்பாலைகளையும் நம்பி ஆட்கள் வந்து குவிந்தபோது எழுந்தவை டெனிமென்ட் எனப்படும் மணற்கல் கட்டடங்கள். மூன்று நான்கு மாடி உயரம். தெருவிலிருந்து உள்ளே போக ஒரு நடை. அதன் கோடியில் எல்லோருக்கும் பொதுவான படிக்கட்டு. தளத்துக்கு இரண்டு மூன்று குடித்தனம். தொழிலாளர் வீடென்றால் ஒரே அறை, மிஞ்சினால் அறையும் சமையற்கட்டும். கட்டில் போடுவதற்கென்று சுவரில் ஒரு மாடம் விட்டிருப்பார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கும் கழிப்பறை பல குடும்பங்களுக்குப் பொது.

முதல் உலகப்போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து சேர, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினர். கோவன் பகுதியில் மேரி பார்பர் உள்ளிட்ட பெண்கள் கூடுதல் வாடகை தர மறுத்தனர். காலி செய்விக்க வந்த அமீனாக்களைப் படிக்கட்டிலேயே மறித்து விரட்டினர். 1915 நவம்பரில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் இந்தப் போராட்டத்தில் இருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள், வாடகையைப் போருக்கு முந்தைய அளவிலேயே நிறுத்தும் சட்டம் வந்துவிட்டது. 1924இல், கிளாஸ்கோ நாடாளுமன்ற உறுப்பினரும் முதல் தொழிற்கட்சி அரசின் சுகாதார அமைச்சருமான ஜான் வீட்லி, உள்ளாட்சிகள் வாடகை வீடு கட்ட மானியம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

வாடகைக் கட்டுப்பாடு பல வடிவங்களில் பல பத்தாண்டுகள் நீடித்தது. ஏழைகளைத் தெருவில் நிற்காமல் காத்தது அதுதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கிடைக்கும் வாடகை மராமத்துக்குக் கட்டவில்லை. வீட்டுக்காரர்கள் பழுது பார்ப்பதை விட்டனர். பலர் குடித்தனம் குடித்தனமாக விற்றுவிட்டுப் போயினர். இங்கேதான் சிக்கல் விழுந்தது. ஒரு கூரைக்குக் கீழே எட்டு முதல் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் சில சொந்த வீடு, சில வாடகை, சிலவற்றின் உரிமையாளர் எங்கிருக்கிறார் என்றே தெரியாது. கூரை ஒழுகினால் செலவை எல்லோரும் பங்கிட வேண்டும். ஒருவர் கைவிரித்தாலும் வேலை நின்றது. மேல்மாடியில் இறங்கிய நீர் கீழ்வீடு வரை வந்தது.

மாநகராட்சிக்குத் தெரிந்த தீர்வு இடிப்பது. 1957இல் 29 வட்டாரங்களை அடியோடு மாற்றியமைக்கத் திட்டம் போட்டார்கள். மக்கள் ஈஸ்டர்ஹவுஸ், டிரம்சாப்பல் போன்ற நகர விளிம்புக் குடியிருப்புகளுக்கும் ரெட் ரோடு போன்ற வானளாவிய அடுக்ககங்களுக்கும் போனார்கள். அக்கம்பக்கத்தார் பிரிந்து ஆளுக்கொரு திசையாகச் சிதறினர். 1968 ஜனவரியில் வீசிய பெரும்புயல் எஞ்சியிருந்த கூரைகளையும் பிய்த்தெறிந்தபோது, பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட இனி வழியில்லை என்பது தெளிவாயிற்று.

எழுபதுகளின் தொடக்கத்தில் கோவனின் டாரன்சே தெருவில் ஒரு மாற்றுவழி சோதிக்கப்பட்டது. ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த ரேமண்ட் யங்கின் ஆய்வேட்டிலிருந்து கிளைத்த முயற்சி அது. 'அசிஸ்ட்' என்ற பெயரில் கட்டடக் கலைஞர்கள் அந்த வட்டாரத்திலேயே ஒரு கடையைப் பிடித்து அலுவலகம் ஆக்கினர். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் தன் வீட்டு வரைபடத்தைப் பார்த்துப் பேசலாம். கட்டில் மாடம் குளியலறையானது: பொதுக் கழிப்பறைக்கு இரவில் படியிறங்கிப் போன குடும்பத்துக்குத் தன் கதவுக்குள்ளேயே வெந்நீரும் கழிப்பறையும் கிடைத்தன. வேலை நடக்கும்வரை குடும்பங்கள் பக்கத்திலேயே தங்கி, பிறகு திரும்பி வந்தன. ஒப்புக்கொண்ட உரிமையாளருக்கு அரசு மானியம். விற்க விரும்பியவரின் வீட்டை அங்கு உருவான வீட்டுவசதிச் சங்கம் வாங்கிக்கொண்டது.

எடின்பரோவின் பழைய தெருக்களில் நகரத் திட்டமிடல் அறிஞர் பாட்ரிக் கெடிஸ் முன்னரே செய்து காட்டியதும் இதற்கு நெருங்கியதுதான்: இடித்தே தீரவேண்டியதை மட்டும் இடித்து மற்றதைக் காப்பது. 1915இல் சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்வையிட்டு அவர் எழுதிய அறிக்கைகளிலும் இதே அணுகுமுறை உண்டு.

படிக்கட்டுக்குப் படிக்கட்டு ஏறி, ஒவ்வொரு வீட்டாரிடமும் சம்மதம் வாங்க வேண்டிய வேலை டாரன்சே தெருவில் நடந்தது. பக்கத்துத் தெருக்காரர் கேட்டால் கிடைக்கும் சம்மதம், நகர மன்றத்திலிருந்து வரும் கடிதத்துக்குக் கிடைக்காது. ஆகவே சங்கத்தின் அளவு படிக்கட்டின் அளவை ஒட்டியே அமைந்தது. ஒரு பவுண்டு கட்டினால் உறுப்பினர். ஆளுக்கு ஒரு வாக்கு. நிர்வாகக் குழுவில் குடியிருப்பவர்களே உட்கார்ந்தனர். செலவில் பெரும்பகுதியை மானியமாகத் தர 1974ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்ததும், இந்த முறை நகரெங்கும் பரவியது. இடிப்புக்குக் காத்திருந்த கிழக்குப் பகுதியில் 1975இல் ரீட்வேல் சங்கம் பிறந்தது. கரிப்புகை படிந்து கறுத்த சுவர்களைத் துலக்கியபோது சிவப்பும் மஞ்சளுமாகக் கல் வெளிவந்தது. அந்தத் துலக்கல் சில இடங்களில் கல்லையே அரித்துவிட்டது என்பது பிற்பாடு தெரிந்தது.

1989 முதல் சங்கங்கள் தனியார் கடனையும் நாட வேண்டியதாயிற்று. கடன் தருபவர் கேட்பது படிக்கட்டின் சம்மதத்தை அல்ல, கணக்குப் புத்தகத்தை. சம்மதத்தைக் கணக்கு முந்திய இந்தப் போக்கின் உச்சம் 2003. மாநகராட்சியின் 80,000க்கும் மேற்பட்ட வீடுகள் மொத்தமாக கிளாஸ்கோ வீட்டுவசதிச் சங்கம் என்ற ஒரே அமைப்பின் கைக்குப் போயின. முந்தைய ஆண்டு வாக்கெடுப்பில் வாக்களித்த குடியிருப்போரில் 58 விழுக்காட்டினர் சம்மதித்திருந்தனர். வீடுகளைக் கைமாற்றியதற்கு ஈடாக மாநகராட்சியின் ஏறத்தாழ 90 கோடி பவுண்டு வீட்டுவசதிக் கடன் தள்ளுபடி ஆனது. அந்த வீடுகளைப் பிறகு சிறு சிறு உள்ளூர்ச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுப்போம் என்ற வாக்குறுதியும் தரப்பட்டது. ஆனால் செலவையும் கடனையும் காட்டி அது இழுபறியானது. ஒரு பகுதி மட்டுமே கைமாறியது. எஞ்சியவை இன்று வீட்லி குழுமத்தின் கீழ் உள்ளன. பழுதுபட்டுக் கிடந்த ஏராளமான வீடுகளுக்கு அந்தப் பெரிய அமைப்பு புதிய கூரையும் சூடேற்று வசதியும் தந்தது உண்மை. எனினும் வாக்குறுதியில் மிக முக்கியமான பகுதி நிறைவேறவில்லை என்பதே என் மதிப்பீடு.

சிறிய சங்கங்களும் இப்போது அழுத்தத்தில் இருக்கின்றன. 2011 முதல் இயங்கும் ஸ்காட்லாந்து வீட்டுவசதி ஒழுங்காற்று அமைப்பின் தலையீட்டுக்குப் பின், சுமார் 900 வீடுகள் கொண்ட ரீட்வேலைப் பெரிய அமைப்பு ஒன்றோடு இணைக்கும் யோசனை எழுந்தது. 2023 இறுதியில் அதன் குடியிருப்போர் வாக்களித்தனர். பெரும்பான்மையோர் இணைப்பு வேண்டாம் என்றனர்.