மழைக்காலமும் கப்சாய் மோட்டாரும்



நம் நாட்டில் பனிக்காலமும் இலையுதிர் காலமும் இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஆண்டைப் பிரித்துக் காட்டுவது மழைதான். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை நனைக்கிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுகிறது. பள்ளி விடும் நேரமும் ஏறக்குறைய அதுவே.

இந்த மழை நாட்டிற்கென்றே அமைந்தது போன்ற ஒரு வண்டி 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் பிறந்தது. ஹோண்டா நிறுவனத்தின் 'சூப்பர் கப்' என்பது அதன் பெயர். 49 சிசி இயந்திரம். சேறு தெறிக்காதபடி கால்களுக்கு முன்னே ஒரு மறைப்பு. நீரும் மண்ணும் புகாதபடி மூடப்பட்ட சங்கிலி. கையால் கிளட்ச் பிடிக்கத் தேவையற்ற அமைப்பு. அதே ஆண்டில், சிறுவயதில் பினாங்கில் பேருந்து கழுவி முன்னேறிய லோ பூன் சியூ, மலாயாவில் ஹோண்டாவின் முகவரானார். 'கப்' என்னும் பெயருடன் 'சிறியது' எனப் பொருள்படும் சீன ஒட்டு சேர்ந்து 'கப்சாய்' என்னும் சொல் பிறந்தது என்பர். 1996ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தின் குரூணில் தயாரான மொடெனாஸ் கிரிஸ் வண்டியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

தோட்டப்புறத் தமிழருக்கு இவ்வண்டி வெறும் வாகனமன்று. அதிகாலையில் மரம் சீவச் செல்லவும், செம்மண் சாலையைக் கடந்து பட்டணத்து மருத்துவமனையை அடையவும் அதுவே துணை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் மக்கள் இடம்பெயர்ந்தபோது, தொலைவாகிப்போன தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளைச் சுமந்து வந்ததும் அதுவே. பல பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறையாமல் காத்ததில் தந்தையரின் பின்னிருக்கைக்கும் பங்குண்டு என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

வண்டி பெருகியபின்னரே பாதுகாப்பு வந்தது. 1973ஆம் ஆண்டில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 1970களின் தொடக்கத்தில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் அமைந்தது. 1992ஆம் ஆண்டில் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்னும் விதி வந்தது. ஆயினும் இன்றும் நம் சாலைகளில் உயிரிழப்போரில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே.

சட்டம் வழங்க முடியாத ஒன்று பொறுமை. மழை தொடங்கிய முதற்சில நிமிடங்களில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரில் கலந்து வழுக்கும். அந்நேரத்தில் மேம்பாலத்தின் கீழ் ஒதுங்கி நிற்பவரைச் சோம்பேறி என எண்ணலாகாது. அவரே விவரம் அறிந்தவர்.

பெற்றோர்களே, பிள்ளைக்குப் பெரியவரின் தலைக்கவசத்தை மாட்டாதீர்கள். அளவானதை வாங்கி, வாரையும் இறுக்கிப் பூட்டுங்கள். ஆசிரியர்களே, மழை நாளில் தாமதமாக நனைந்து வரும் மாணவனிடம் முதலில் காரணம் கேட்காமல் துண்டைக் கொடுங்கள். பள்ளி விட்டபின் மழை ஓயும்வரை பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கட்டும். அரைமணி நேரத் தாமதம் ஈடுசெய்யக்கூடியது, உயிர் அப்படியன்று.