முவக்கித் முதல் ஸ்மார்ட் வாட்ச் வரை

தென்னேரியின் ஏரிக்கரையை அடுத்துக் குடியிருக்கும் இளைஞர் ஒருவர், காஞ்சிபுரத்துச் சரிகைக் கடையொன்றில் கணக்கெழுதுபவர், வாரம் இருமுறை என்னிடம் அரபு இலக்கணம் ஓத வருகிறார். சென்ற ரமலானின் நடுவில் ஒரு மாலை, பாடம் தொடங்குமுன் அவர் தம் இடக்கையை என்முன் நீட்டி, “ஹஜ்ரத், இதுல ஸஹர் முடியிற நேரமும் பள்ளிவாசல் அட்டையில போட்டிருக்கிற நேரமும் ஒத்து வரலையே, எது சரி?” என்று வினவினார்.

அவர் மணிக்கட்டில் இருந்தது ஸ்மார்ட் வாட்ச் என இன்று யாவரும் வழங்கும் கருவி. ரமலான் பிறை ஐந்தில் வாங்கியது. அவர் வீட்டுக்குப் பாங்கோசை எட்டாது. ஆகவே அது மணிக்கட்டில் அதிரும் வரையில் உண்பதும், அதிர்ந்தவுடன் கை கழுவுவதுமாகப் பத்து நாள்கள் கழிந்திருந்தன. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். கடிகாரம் காட்டிய நேரம் பள்ளிவாசல் அட்டையைவிடப் பன்னிரண்டு நிமிடம் பிந்தியிருந்தது. பிறர்க்குப் பன்னிரண்டு நிமிடம் என்பது வாலாஜாபாத் பேருந்து தவறும் அளவு. நோன்பாளிக்கோ நோன்பே தவறிப்போகும் அளவு.

ஸ்மார்ட் வாட்ச் அணிவது தக்கதா, பழைய கைக்கடிகாரமே போதுமா என்னும் கேள்வியை இளைஞர் பலர் என்னிடம் கேட்டதுண்டு. விலை, அழகு, வசதி இவற்றை வைத்தே விடை தேடுகின்றனர். அந்த மாலைக்குப் பின் எனக்கு வேறொரு வழியில் விடை தேடத் தோன்றிற்று. நேரத்தை நமக்கு இதுகாறும் அறிவித்தவர் யார், அவர் எதைக்கொண்டு அறிவித்தார் என்பதே அவ்வழி.

தென்னேரியிலிருந்தே தொடங்கலாம். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்றிருந்ததே தென்னேரி ஆயிற்று என்பர். அவன் பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். அப்பாட்டு இடம்பெற்ற பத்துப்பாட்டுத் தொகையிலேயே முல்லைப்பாட்டும் உள்ளது. அதில் பாசறையிலிருக்கும் அரசனுக்குப் பொழுது இவ்வளவு ஆயிற்று என நாழிகைக் கணக்கர் வந்து சொல்கின்றனர். அவர்களிடம் உள்ள கருவி குறுநீர்க் கன்னல் எனும் நீர்க்கடிகாரம். நாளொன்றுக்கு நாழிகை 60. நாழிகை ஒன்றுக்கு நம் கணக்கில் 24 நிமிடம். பிற்காலத்தில் நாடெங்கும் வழங்கிய நாழிகை வட்டில் அடியில் துளையிட்ட கிண்ணம். நீரில் மிதக்கவிட்டால் துளைவழி நீர் புகுந்து அது மெல்ல அமிழும். அமிழ்ந்தால் ஒரு நாழிகை. ஆனால் கிண்ணம் தானே பேசாது. அருகிருந்து பார்த்து, மூழ்கியதும் எடுத்து மீண்டும் மிதக்கவிட ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். அவன் கண்ணயர்ந்தால் நாட்டின் நேரமும் உறங்கிவிடும்.

இதே கிண்ணம் அரபுலகிலும் தொழில்புரிந்தது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் 807ஆம் ஆண்டில் பிராங்கியப் பேரரசர் சார்லமேனுக்குப் பித்தளை நீர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாக அனுப்பினார்; மணி நிறைவுறுந்தோறும் குண்டுகள் விழுந்து ஒலிக்க, குதிரை வீரர் உருவங்கள் வெளிவரும் அமைப்பைக் கண்டு அந்நாட்டார் வியந்ததை அவர்களுடைய ஆண்டுக் குறிப்பே பதிந்திருக்கிறது. பின்னர் ஆமித் நகரில், இன்றைய தியார்பக்கிரில், அர்துக்கிய மன்னரிடம் பணிபுரிந்த பொறியாளர் அல்ஜஸரீ 1206இல் தாம் முடித்த நூலில் யானைக் கடிகாரம் ஒன்றை விவரிக்கிறார். யானையின் வயிற்றுக்குள் நீர்த்தொட்டி; தொட்டியில் மிதந்து அமிழும் துளைக் கிண்ணம். அது மூழ்கும் விசையால் மேலே பறவை சுழல்கிறது, பாகன் அடிக்கிறான், பாம்பு குண்டை விழுங்கித் தாழ்கிறது. தாழ்ந்த பாம்பே கிண்ணத்தை மீண்டும் நிமிர்த்தி மிதக்கவிடுகிறது. நம் நாழிகைக் கணக்கனின் வேலையைப் பாம்பிடம் ஒப்படைத்துவிட்டார் அல்ஜஸரீ. கருவியின் வரலாற்றில் மனிதன் ஓரடி விலகி நின்ற இடம் இது.

எனினும் தொழுகை நேரத்தில் மனிதன் விலகவில்லை. ஐவேளைத் தொழுகைக்கும் எல்லை வகுப்பது சூரியனன்றி மணிக்கணக்கு அன்று. கிழக்கில் வெண்மை அகலப் பரவுவது, உச்சி சாய்வது, நிழல் நீள்வது, கதிர் மறைவது, செவ்வானம் அகல்வது என ஒவ்வொன்றும் வானத்தில் நிகழ்வது. ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் வேறுபடுவது. இதைக் கணக்கிட்டு முஅத்தினுக்கு அறிவிக்கவென்றே 13ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பள்ளிவாசல்களில் முவக்கித் எனும் பதவி தோன்றிற்று. வானநூல் கற்றவரே அப்பதவிக்கு உரியவர்.

முவக்கித்துகளுள் தலைசிறந்தவர் திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் தலைமை முவக்கித்தாக விளங்கிய இப்னு ஷாத்திர். 1304இல் பிறந்து 1375இல் மறைந்தவர். சந்திரனின் இயக்கத்துக்கு அவர் வகுத்த கணித அமைப்பும் ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கோப்பர்னிக்கஸ் வகுத்ததும் ஒன்றே என்பதை 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். நமக்கு ஈண்டு வேண்டியது அவர் செய்த இரு கருவிகள். ஒன்று, 1371ஆம் ஆண்டளவில் அப்பள்ளியின் மினாராவில் அவர் நிறுவிய பெரும் சூரியக் கடிகாரம். ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட சலவைக்கல். மற்றொன்று, அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் அவர் செய்த ஸந்தூக்குல் யவாகீத், அதாவது மாணிக்கப் பெட்டி. உள்ளங்கையளவுப் பெட்டி அது. திசைகாட்டி, சூரியக் கடிகாரம், கிப்லாவைக் காணும் வழி, தொழுகை நேரம் அறியும் வழி எல்லாம் அதனுள் அடக்கம். பல பயன்களை ஒரு சிறு கருவியில் சேர்த்து உடன் கொண்டுசெல்வது நம் காலத்து அற்புதம் என எண்ணுவோர் இப்பெட்டியை நினைவிற்கொள்ள வேண்டும். வேறுபாடு ஒன்றுண்டு. அப்பெட்டியைக் கையாளத் தெரியாதவனுக்கு அது வெறும் பெட்டி. அறிந்தவன் கையில்தான் அது நேரம் சொல்லும்.

மினாராவின் சூரியக் கடிகாரமோ எல்லோர் கண்ணுக்கும் வெளிப்படையாக நின்றது. பிழையெனத் தோன்றினால் வினவுவதற்கு முவக்கித் கீழே பள்ளியிலேயே இருந்தார்.

பொறிக் கடிகாரம் வந்தபின் இந்நிலை மெல்ல மாறிற்று. இஸ்தன்பூலில் 1577இல் வானாய்வகம் அமைத்த தகீயுத்தீன் பொறிக் கடிகாரத்தைப் பற்றியே தனி நூல் எழுதியவர். அவ்வாய்வகம் 1580இல் இடிக்கப்பட்டது வேறு கதை. உதுமானியர் கடிகாரத்தை ஏற்றனர், ஆனால் தம் முறைக்குப் பணியவைத்தனர். சூரியன் மறையும்போது மணி பன்னிரண்டு. அந்திதோறும் முள்ளைத் திருப்பிவைக்க வேண்டும். துருக்கியில் 1926 வரையிலும், ஹிஜாஸில் 1960கள் வரையிலும் இவ்வழக்கம் நீடித்தது. நாளுக்கொருமுறை வானத்தை நோக்கிக் கடிகாரத்தைத் திருத்தியவன், கடிகாரத்தைக் கொண்டு வானத்தைத் திருத்தவில்லை.

நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1792இல் எழுந்த சென்னை வானாய்வகத்தின் நேரமே இரயில்களுக்கும் நேரமாக வழங்கியது. 1906 சனவரி முதல் நாளில் கீழ்த்திசைத் தீர்க்க ரேகை 82½ பாகையைக் கொண்டு இந்தியப் பொதுநேரம் வந்தது. தென்னேரி அந்த ரேகைக்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் சராசரியாகப் பத்து நிமிடத்துக்குமேல் தாமதித்தே உச்சிக்கு வருகிறது. அதுவும் நிலையன்று, நவம்பர் தொடக்கத்தில் 11.54 அளவிலேயே உச்சி, பிப்ரவரி நடுவில் 12.25 அளவில். லுஹர் பாங்கு ஏன் பன்னிரண்டுக்குச் சொல்லப்படுவதில்லை என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் ஒரு குச்சியை முற்றத்தில் நட்டுக் காட்டுவதுண்டு.

கைக்கடிகாரம் எளியவர் கைக்கு வந்ததோ மிக அண்மையில். அரசு நிறுவனமான எச்.எம்.டி. ஜப்பானியச் சிட்டிஸன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. அதன் ஜனதா பதினேழு கல் பதித்த, சாவி கொடுக்கும் கடிகாரம். பார்வையற்றோர் தொட்டறியும் கடிகாரமும் அந்நிறுவனம் செய்தது. மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் என்பது சமயவேறுபாடின்றி நம் திருமணங்களில் நுழைந்தது அக்காலத்தில்தான். 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஒசூரில் குவார்ட்ஸ் கடிகாரம் செய்யத் தலைப்பட்டது. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் முன், நொடிக்கு ஐந்து முறை துடிக்கும் சாவிக் கடிகாரம் துல்லியத்தில் நிற்க இயலவில்லை. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016 சனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதலளித்தது.

இனி ஸ்மார்ட் வாட்சுக்கு வருவோம். 2012இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தோன்றிய பெப்பிள், 2015இல் வந்த ஆப்பிள் வாட்ச் இவற்றுக்குப்பின் அது உலகெங்கும் பரவிற்று. செயற்கைக்கோள் வழியே தான் நிற்கும் இடத்தை அறிந்து, அவ்விடத்துக்குரிய ஐவேளை நேரத்தையும் கிப்லாவையும் கணக்கிட்டுச் சொல்ல அதற்கு முடியும். இப்னு ஷாத்திர் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியாயின் என் மாணவரின் கடிகாரம் ஏன் பிந்தியது? அதன் அமைப்புகளைத் திறந்து இருவரும் தேடினோம். கணக்குமுறை என்னுமிடத்தில் விடை இருந்தது. அதிகாலை வெண்மை தோன்றும்போது சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கிறது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் பள்ளிவாசல் அட்டை கராச்சிக் கணக்கைப்போல 18 பாகை கொள்கிறது; எகிப்தியக் கணக்கு 19½; மக்காவின் உம்முல் குரா 18½; வட அமெரிக்க முஸ்லிம்களுக்கென வகுத்த கணக்கு 15. அவர் கடிகாரத்தில் இருந்தது 15. நம் ஊர் இருக்கும் அட்சத்தில் மூன்று பாகை என்பது பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். கணிதத்தில் பிழையேயில்லை, இவ்வூருக்குரிய கணக்கு அதுவன்று, அவ்வளவே. அஸரும் அவ்வாறே. நண்பகல் நிழல் நீங்கலாகப் பொருளின் நிழல் ஒரு மடங்கு ஆவதா, இரு மடங்கு ஆவதா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே இங்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேறுபாடு. கடிகாரம் இரண்டில் ஒன்றைத் தானே தேர்ந்துகொள்கிறது. தேர்ந்தது எது என அணிந்தவர் கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிவதில்லை.

இதனால் பழைய கடிகாரம் உயர்ந்தது என்று கூறிவிடலாகாது. என் தந்தையாரின் சாவிக் கடிகாரம் நாளுக்கு நான்கு நிமிடம் பிந்தும்; வானொலிச் செய்தியைக் கேட்டு அன்றாடம் திருத்துவார். அது பிந்தும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தன் பிழையை மறைக்காத கருவியோடு வாழ்வது ஒருவகையில் எளிது.

உடல்நலத்தில் ஸ்மார்ட் வாட்சின் பக்கம் வலுவுண்டு. 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 4,19,297 பேர் ஆப்பிள் வாட்ச் அணிந்து பங்குகொண்டனர். அவர்களுள் இருநூற்றுக்கு ஒருவர் அளவிலேயே நாடி ஒழுங்கற்றது என்னும் எச்சரிக்கை பெற்றனர். பெற்றபின் மார்பில் கருவியொட்டிச் சோதித்துக்கொண்டவருள் மூன்றில் ஒரு பங்கினருக்கு இதயத் துடிப்புக் கோளாறு உறுதியாயிற்று. நெஞ்சுப் படபடப்புள்ள என் அண்டைவீட்டு நெசவாளருக்கு அவர் மகன் ஒன்று வாங்கித் தந்தபோது நானும் நன்றென்றே சொன்னேன். குழித்தறியில் அமர்ந்து நாடா எறியும் கையசைவை அது நடையென எண்ணிவிட்டது. “பாய், உக்காந்த எடத்துல ஆறாயிரம் அடி நடந்துட்டேனாம்!” என்று அவர் சிரித்தார். பட்டை பாவு நூலில் சிக்குகிறது என்று தறியில் இருக்கும்போது கழற்றிவைத்துவிட்டு, இரவில் மட்டும் அணிகிறார். அவருக்கு அது தக்கதே. ஆனால் ஊசி குத்தாமல் இரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களை நீரிழிவுடைய நோன்பாளிகள் நம்பிவிடலாகாது. அவ்வாறு அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் தாம் ஒப்புதல் அளித்ததில்லை என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

ஆயுளோ மிகக் குறைவு. 2015இல் ஆப்பிள் வாட்சைப் பதினெட்டுக் காரட் தங்கக் கூட்டிலும் விற்றனர். விலை பத்தாயிரம் டாலரிலிருந்து தொடக்கம். (தங்கம் அணிவது ஆண்களுக்கு விலக்கு என்பதால் நம்மவர் அச்செலவினின்று தப்பினர்.) 2018இல் வந்த புது மென்பொருளை அத்தங்கக் கடிகாரம் ஏற்கவில்லை. பெப்பிள் நிறுவனம் 2016இலேயே மூடிற்று. என் தந்தையாரின் கடிகாரத்தையோ காஞ்சிபுரத்துக் கடிகாரத் தச்சர் சென்ற ஆண்டுகூடத் துடைத்து எண்ணெயிட்டுத் தந்தார்.

இன்னொன்று பலர் கருதாதது. பழைய கடிகாரத்தை நாம் பார்த்தோம். புதியது நம்மைப் பார்க்கிறது. உறக்கம், நாடி, நடந்த வழி யாவும் எங்கோ ஒரு பேரேட்டில் ஏறுகின்றன. ஃபிட்பிட் நிறுவனத்தைக் கூகிள் வாங்க முற்பட்டபோது, ஐரோப்பாவில் அணிந்தோரின் உடல்நலக் குறிப்புகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை எனப் பத்தாண்டுக்கு உறுதி பெற்றபின்னரே 2020 திசம்பரில் ஐரோப்பிய ஆணையம் இசைந்தது.

நோயாளிக்கும், அதன் கணக்கைத் தாமே சரிபார்க்க அறிந்தவர்க்கும் ஸ்மார்ட் வாட்ச் ஏற்றது. மணி மட்டும் பார்ப்பவர்க்குச் சாதாரண கடிகாரம் போதும் என்பது என் கருத்து. என் மாணவரிடமும் அவ்வாறே கூறினேன். அவர் கடிகாரத்தைக் கழற்றவில்லை. அமைப்பை 18 பாகைக்கு மாற்றிக்கொண்டார். விடியவில்லை என்றெண்ணி விடிந்தபின் உண்டவருக்குக் கழா உண்டு, பரிகாரமாகக் கஃப்பாரா இல்லை என்னும் சட்டத்தையும் எடுத்துரைத்தேன். பத்தில் ஒரு நாள் அட்டைநேரத்துக்கு முன்னரே உண்டு முடித்தது அவருக்கு நன்கு நினைவிருந்தது. எஞ்சிய ஒன்பது நோன்புகளையும் பெருநாள் கழிந்ததும் நோற்று முடித்தார். அந்நாள்களில் சிலமுறை, ஸஹர் உணவுக்குப்பின் ஏரிக்கரையில் ஏறிக் கிழக்கே பார்த்து நின்றதாகவும், மேகமில்லாத ஒருநாள் வெண்மை கிடையாகப் பரவியதைத் தம் கண்ணாலேயே கண்டதாகவும் பாடத்துக்கு வந்தபோது சொன்னார்.