அளவு மாறிய சக்கரங்கள்: வாகரை வழியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மனிதனின் கண்டுபிடிப்புகளுள் சக்கரம் தலையாயது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயின் சக்கரத்தின் வரலாறு அது கண்டுபிடிக்கப்பட்ட நாளோடு முடிந்துவிடவில்லை. எந்த நிலத்தில் எந்த அளவுச் சக்கரம் ஓடவேண்டும், அந்த அளவு கிட்டாதபோது எந்த அளவைப் பொருத்தலாம் என்னும் வினாக்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக எழுந்தன. மேலைநாடுகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோர், உற்பத்தியாளர் வகுத்த அளவை விடுத்துப் பிற அளவு டயர்களைப் பொருத்துவதுபற்றி இன்றும் ஓயாது விவாதிக்கின்றனர். அவர்களுக்கு அது பெரிதும் பொழுதுபோக்குச் சார்ந்த வினா. இறப்பர் விளையும் நாடாக இருந்தும் தன் வண்டிகளுக்கு வேண்டிய டயருக்காகப் பிறரை எதிர்பார்த்து நின்ற இலங்கைக்கோ அது பொருளாதார வரலாற்று வினா. மட்டக்களப்புப் பிரதேசத்தின் வட எல்லையிலுள்ள வாகரை போன்ற இடங்களில் அது நிலத்தோடும் உயிரோடும் தொடர்புற்ற வினாவாகவும் அமைந்தது. இம்மூன்று நிலைகளையும் ஒருங்கே நோக்குவது பயனுடையது.

இறப்பரும் இலங்கையும்

சாள்ஸ் குட்இயர் 1839இல் இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். காற்றடைத்த டயருக்கு 1845இலேயே ரொபேட் தொம்சன் காப்புரிமை பெற்றிருந்தபோதிலும், 1888இல் ஜோன் டன்லப் அதனைப் புதிதாக அமைத்த பின்னரே அது வழக்கிற்கு வந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே, 1876இல், ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்ப் பயிர்ச்செய்கைக்கு அத்தோட்டம் ஒரு தாய்நிலம் எனலாம்.

1942இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமானபோது, நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பர் மூலங்களுள் இலங்கையே முதன்மை பெற்றது. எதிர்கால விளைவைக் கருதாமல் மரங்கள் வரம்புமீறிச் சீவப்பட்டன. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம், இறப்பரைக் கொடுத்து உணவைப் பெறும் நிலையை உருவாக்கிற்று. இவ்வாறு உலகின் சக்கரங்களுக்குப் பால் வார்த்த நாட்டிலேயே, டயர் என்பது அந்நியச் செலாவணியைச் செலவிட்டு வாங்கவேண்டிய பொருளாக நெடுங்காலம் இருந்தது. மூலப்பொருள் ஒரிடத்திலும் முடிவுப்பொருள் வேறிடத்திலுமாக அமைந்த குடியேற்றப் பொருளாதாரத்தின் தன்மையை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

அளவுகளின் மொழி

டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ள எண்கள் பலருக்கும் புரியாத எழுத்தாகவே இருந்துவருகின்றன. அவற்றின் வரலாற்றை அறிவதற்கு ஸ்போர்ட்ஸ் கார்களே நல்ல சான்று. பிரித்தானியாவின் அபிங்டன் நகரில் எம்.ஜி. நிறுவனம் 1945 முதல் 1949 வரை செய்த ‘டி.சி.’ வகைக் கார்கள் ஏறத்தாழ 10,000. அவற்றின் கம்பிச் சக்கரங்களில் 4.50–19 அளவு டயர் பொருத்தப்பட்டது. முதலெண் டயரின் அகலத்தையும், அடுத்த எண் ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்திற் குறிப்பன. அக்காலத்தில் டயரின் உயரம் ஏறக்குறைய அதன் அகலத்திற்குச் சமம். ஆகவே முழுச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 28 அங்குலம். அதன் வழிவந்த ‘டி.டி.’ வகையில் 5.50–15 டயர் இடம்பெற்று, விட்டம் ஏறத்தாழ 26 அங்குலமாகக் குறைந்தது. 1955இல் வந்த ‘எம்.ஜி.ஏ.’ 5.60–15 அளவையும், 1962இல் வந்த ‘எம்.ஜி.பி.’ 5.60–14 அளவையும் கொண்டிருந்தன. இருபது ஆண்டுகளுக்குள் ஒரே நிறுவனத்தின் சக்கரம் ஐந்து அங்குல ரிம் விட்டத்தை இழந்துவிட்டது.

இதற்கிடையில் டயரின் உள்ளமைப்பே மாறியது. 1946இல் மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில், நூற்படைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டாமல் விளிம்பிலிருந்து விளிம்பிற்கு நேராக ஓடின. அவற்றின்மேல் உருக்குக் கச்சை சுற்றப்பட்டது. அதன்பின் அகலம் மில்லிமீற்றரிலும் ரிம் அங்குலத்திலும் எழுதப்படும் கலப்பு முறை நிலைபெற்றது. அகலத்தில் உயரம் எத்தனை வீதம் என்னும் மூன்றாவது எண்ணும் பின்னர்ச் சேர்ந்தது. உயரவீதம் குறிக்கப்படாத பழைய ரேடியல் டயரை 80 வீதத்திற்கு அண்மையதாகக் கொள்வது வழக்கம்.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கு இன்றியமையாதது. 165/80 ஆர் 14 என்னும் டயரின் விட்டம், 14 அங்குலமாகிய 355.6 மில்லிமீற்றருடன் 165இன் 80 வீதத்தை இருமுறை கூட்டிப் பெறப்படுவது. அது ஏறத்தாழ 620 மில்லிமீற்றர். 185/70 ஆர் 14 டயரைப் பொருத்தினால் விட்டம் ஏறத்தாழ 615 மில்லிமீற்றர். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் 185/65 ஆர் 14 பொருத்தினால் விட்டம் 596 ஆகக் குறையும். வேகமானி மணிக்கு 80 கிலோமீற்றர் எனக் காட்டும்போது வண்டி உண்மையில் 77 கிலோமீற்றரே செல்லும். இயந்திரம் அதே வேகத்திற்குக் கூடுதலாகச் சுழலும். வண்டியின் அடிப்பாகம் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நிலத்தை நெருங்கும். அகலங்கூடிய டயர் திருப்பத்தில் மட்கார்டில் உரசலாம். ஒடுங்கிய ரிம்மில் அதன் பக்கச்சுவர் பிதுங்கித் தன் இயல்பை இழக்கலாம். ஆகவே பிற அளவு என்பது கடையில் கிடைப்பதை மாட்டிவிடும் செயலன்று. விட்டம், ரிம்மின் அகலம், இடைவெளி, தாங்கும் பாரம் ஆகிய நான்கும் ஒத்துவரவேண்டும். பழைய குறுக்குப்படை டயரையும் ரேடியல் டயரையும் ஒரே அச்சில் கலத்தல் ஆகாது. இரண்டு ரேடியல்களே கிடைப்பின் அவை பின்னச்சிற்கே உரியன. முன்னச்சில் அவற்றை இட்டால் திருப்பத்தில் வண்டியின் பின்புறம் வழுக்கும்.

தட்டுப்பாட்டின் காலம்

இலங்கையில் ஸ்போர்ட்ஸ் கார் தோட்டத்துரைமாருக்கும் கொழும்புச் செல்வருக்கும் உரிய பொருளாகத் தொடங்கிற்று. நுவரெலியாவில் 1934இல் ஆரம்பமான மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் அவ்வுலகின் அடையாளம். சாதாரண நடுத்தர வர்க்கத்தினரோ மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற சிறு கார்களை நாடினர். 1960களின் தொடக்கத்தில் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அன்று தெருவிலிருந்த கார்களே 1977ஆம் ஆண்டின் பொருளாதாரத் திறப்புவரை பெரிதும் ஓடவேண்டியவையாயின. துரையின் வண்டியும் ஆசிரியரின் வண்டியும் ஒரே பஞ்சத்தின் கீழ் வந்தன.

சோவியத் உதவியுடன் களனியில் அமைந்த டயர்க் கூட்டுத்தாபனத்தின் தொழிற்சாலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. குடியேற்றப் பொருளாதாரத்தின் முரணை நீக்கும் முயற்சி என்ற வகையில் அது வரலாற்று முக்கியத்துவமுடையது. எனினும் டயர் உற்பத்தியில் ஒவ்வோர் அளவிற்கும் தனி அச்சு வேண்டும். நாடெங்கும் ஓடும் பஸ்ஸுக்கும் லொறிக்கும் அச்சு வார்ப்பது பொருளாதார நியாயமுடையது. சில நூறு கார்களுக்கே வேண்டிய 19 அங்குல டயருக்கு அந்நியாயம் இல்லை. எனவே பழைய காரின் உடைமையாளர் முன் மூன்று வழிகளே இருந்தன: தேய்ந்த டயரின்மேல் புதிய இறப்பர்ப் படையேற்றுவது, அண்மித்த அளவைப் பொருத்துவது, ரிம்மையே மாற்றிவிடுவது. இவற்றைச் செய்தோர் நூல் கற்ற பொறியியலாளர் அல்லர். தெருவோரக் ‘கராஜ்’ தொழிலாளர். கணக்கிட்டு அறியவேண்டிய பலவற்றை அவர்கள் கயிற்றால் அளந்தும் கையால் தடவியும் அறிந்தனர். அவர்களின் தொழில்நுட்ப அறிவு எழுதப்படாமையால் அறிவாகக் கருதப்படவில்லை. இது நமது கல்வியுலகின் குறைபாடேயன்றி அவர்களின் குறைபாடு அன்று.

வாகரை வழி

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை, ஓட்டமாவடி கடந்து காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி வழியாக வாகரைக்கும் கதிரவெளிக்கும் செல்லும் கரையோர வீதி வெருகலைத் தாண்டித் திருகோணமலையை அடைகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவியும் காடும். நீர் குறுக்கிட்ட இடங்களில் பாலத்திற்குப் பதிலாக, மட்டக்களப்பு மக்கள் ‘பாதை’ என்று அழைக்கும் மிதவைகளே நெடுங்காலம் வண்டிகளை அக்கரை சேர்த்தன. தாழ்ந்த அடிப்பாகமுடைய ஸ்போர்ட்ஸ் கார் இத்தகைய வழிக்கு உரியதன்று. ஆயினும் மலையகத்துப் பந்தயக்காரனைச் சிந்திக்கவைத்த அதே கணக்கு இங்கும் செயற்பட்டது. அதன் திசையே வேறு. அங்கே சக்கரத்தைச் சிறிதாக்கி வண்டியை நிலத்தோடு ஒட்டவைப்பது நாட்டம். இங்கே நிலத்திலிருந்து விலகி நிற்பது தேவை. அங்கே கடினமான வீதியில் பிடிமானம் கருதி அகன்ற டயர். இங்கே மணலிற் புதையாதிருக்க அகன்ற டயரும் குறைந்த காற்றும்.

இப்பகுதி உழவருக்குச் சக்கர மாற்றம் புதிய செய்தியன்று. இரும்புப் பட்டமிட்ட மாட்டுவண்டில் இறப்பர்ச் சக்கரத்திற்கு மாறியதை அவர்கள் கண்டனர். இருசில்லு உழவு இயந்திரத்தின் இறப்பர்ச் சக்கரங்களைக் கழற்றி, சேற்று வயலில் இரும்புக் கூண்டுச் சக்கரங்களைப் பூட்டுவதும், அறுவடை முடிந்தபின் மீண்டும் இறப்பர்ச் சக்கரத்துடன் வீதிக்கு வருவதும் வட்டை வேளாண்மையின் ஆண்டுச் சுற்றிலேயே அடங்கியவை. நிலத்திற்கேற்பச் சக்கரம் மாறவேண்டும் என்னும் கொள்கையை வாகரை உழவன் தன் தொழிலிலிருந்தே பெற்றான்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை இக்கரையோரத்தைச் சிதைத்தது. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007 ஜனவரியிலும் போர் காரணமாகப் பல்லாயிரவர் வாகரையை விட்டு வெளியேற நேர்ந்தது. அத்தகைய வேளையில் ஓடக்கூடிய வண்டி எது என்பதே முதல் வினாவாகிறது. அதன் டயர் உற்பத்தியாளர் வகுத்த அளவினதா என்று கேட்பாரில்லை. அதே போர்க்காலத்தில், 1990களின் யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடை காரணமாகப் பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியமையும் இத்துடன் ஒப்புநோக்கத்தக்கது. மாற்றுப் பொருத்தம் என்பது வறுமையின் தந்திரம் மட்டுமன்று. வாழவேண்டும் என்னும் உறுதியின் வெளிப்பாடுமாகும். போர் ஓய்ந்தபின் நிலை மாறிற்று. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. தொடர்ந்து இவ்வீதியின் ஏனைய மிதவைகளும் பாலங்களுக்கு இடம்விட்டன. வழி மாறவே அவ்வழிக்கு ஏற்ற சக்கரமும் மாறியது.

மூல அளவும் உயிரின் அளவும்

பழைய கார்களைப் பேணுவோரிடையே ஒரு கருத்து வேரூன்றியுள்ளது: மூல அளவே தூய அளவு; பிறிதொன்றைப் பொருத்துவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் என்பது. இக்கருத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. அளவைத் தற்செயலாக மாற்றியதால் திசைமாற்றி கனத்தும், மட்கார்ட் உரசியும், கம்பிகள் முறிந்தும் கெட்ட வண்டிகள் பல. ஆயினும் இறப்பர் உயிரற்ற பொருளாயினும் மூப்புடைய பொருள். வெயிலும் வெப்பமும் ஓசோனும் அதனை வெடிக்கச் செய்யும். ஓடாது கிடந்தாலும் அது முதுமையடையும். 2000ஆம் ஆண்டுமுதல் டயரின் பக்கச்சுவரிற் காணப்படும் நான்கிலக்க எண்ணில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் உணர்த்தும். மூல அளவுக்காக முப்பதாண்டு பழைய டயரைத் தேடிப் பொருத்துபவர் வரலாற்றைப் பேணவில்லை. வரலாற்றின்மீது ஏறி ஆபத்தை நோக்கிச் செல்கிறார். கணக்கோடு தேர்ந்த புதிய அண்மை அளவு, காலாவதியான மூல அளவைவிட உண்மைக்கு நெருங்கியது. ஏனெனில் அவ்வண்டியைச் செய்தவன் விரும்பியது ஓர் எண்ணை அன்று. பாதுகாப்பாக ஓடும் வண்டியை.

இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை. 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தி, டயர் இறக்குமதியையும் கட்டுப்படுத்தியபோது, 1960களின் அனுபவம் புதிய தலைமுறைக்கு மீண்டும் வாய்த்தது. வாகன இறக்குமதி 2025இலேயே மீளத் திறக்கப்பட்டது. தொழிற்சாலை வண்டிகளுக்கான திண்ம டயர் ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக இலங்கை விளங்கும் காலத்திலேயே, உள்நாட்டுச் சாரதி தன் காருக்குரிய அளவைத் தேடி அலைந்தான் என்பது சிந்தனைக்குரியது. ஹெனரத்கொடையில் தொடங்கிய முரண் வடிவம் மாறியதேயன்றி மறைந்துவிடவில்லை.

ஆகவே அளவு மாறிய ஒரு சக்கரத்தைக் காண்பவர் அதனை அறியாமையின் விளைவென்று உடனே இகழ்தல் பொருந்தாது. யாருடைய தேவைக்காக அது மாற்றப்பட்டது, எந்த நிலத்தில் ஓடுவதற்காக, அதன் ஆபத்தைச் சுமப்பவர் யார் என்று வினவுதல் வேண்டும். கராஜ் தொழிலாளியின் கையறிவும் பல்கலைக்கழகத்தின் கணக்கறிவும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அச்சந்திப்பு நிகழுமாயின், வாகரை வீதியில் ஓடும் வண்டிக்கும் நுவரெலியா மலையேறும் வண்டிக்கும் ஒரே நீதியுடைய அளவுகோல் கிடைக்கும்.