பேஷ்குஷ் கட்டாத அரசு: புதுக்கோட்டையும் பேரையூரும்

மலாய்ச் சிற்றரசுகளில் ஆங்கிலேயர் ஆட்சியை ஆராய்வோர் பெரும்பாலும் 1874 ஜனவரியின் பங்கோர் ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறார்கள். பேராக் சுல்தான் ஒரு ரெசிடென்டை ஏற்க வேண்டும். மலாய் மதமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்டு, அதன்படியே நடக்க வேண்டும். கேட்பதோடு முடியாமல் நடந்தும் ஆக வேண்டிய அந்த ஆலோசனை, தமிழ் மண்ணில் அதற்கு 67 ஆண்டுகள் முன்பே நடைமுறையில் இருந்தது. 1807-ல் புதுக்கோட்டைத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தபோது சிறுவர். தஞ்சாவூர் ரெசிடென்ட் வில்லியம் பிளாக்பர்ன் அந்த அரசின் நிர்வாகத்தைத் தம் மேற்பார்வையில் கொண்டுவந்தார்.

புதுக்கோட்டையைத் தனியாகப் பார்த்தால் அதன் இயல்பு புலப்படாது என்பது என் எண்ணம். ஒப்பிட்டுப் பார்க்க மதுரைக்குத் தென்மேற்கே கரிசல் காட்டிலுள்ள பேரையூர் உதவும். மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்களில் அது ஒன்று. 1801 ஜூலை 31 ஒப்பந்தத்தால் கர்நாடகத்தின் ஆட்சி நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போனது. மறு ஆண்டின் 25-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் நிலையான ஜமீன் முறையைக் கொண்டுவந்தது. பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். படை போயிற்று, காவல் உரிமை போயிற்று. கெடு தவறாமல் கட்ட வேண்டிய பேஷ்குஷ் என்னும் திறை மட்டும் மிஞ்சியது. மழை பொய்த்த ஆண்டிலும் கெடு மாறாது. வானம் பார்த்த கரிசல் பூமிக்கு இது எவ்வளவு பாரம் என்பதைத் திருமங்கலம் வட்டாரத்து விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை.

தொண்டைமான்களும் இதே பாளையக்கார உலகிலிருந்து எழுந்தவர்கள்தான். கர்நாடகப் போர்களில் அவர்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள்; 1799-ல் கட்டபொம்மன் பிடிபட்டது அவர்களுடைய எல்லைக்குள். அதற்குப் பலனாக 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த நிலப்பகுதியும் கிடைத்தன. அதற்குத் திறையாக ஆண்டுக்கு ஒரு யானை என்று 1806-ல் விதித்தார்கள். அந்த யானையை ஒருவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-ல் முறைப்படி விலக்கும் அளித்துவிட்டார்கள். சுமார் 1,178 சதுர மைல் பரப்புள்ள அந்த அரசு, அதற்குப் பின் ஆங்கிலேயருக்கு எந்தத் திறையும் கட்டவில்லை.

திறை இல்லை என்பதால் தலையீடும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தஞ்சாவூர் ரெசிடென்ட் பதவி எடுக்கப்பட்டபின், 1841 முதல் 1865 வரை புதுக்கோட்டைக்கு அரசியல் ஏஜெண்டாக இருந்தவர் மதுரைக் கலெக்டர். பேரையூர் ஜமீனின் பேஷ்குஷும் புதுக்கோட்டை அரண்மனையின் கடன் விவகாரமும் ஒரே கச்சேரிக்கு வந்தன. ஜமீனுக்குப் போனது தாக்கீது, அரசருக்குப் போனது ஆலோசனை. ஆனாலும் ஆடம்பரச் செலவுக்காக 1859-ல் ராஜா ராமச்சந்திரத் தொண்டைமானின் மரியாதைப் பட்டமே பறிக்கப்பட்டது என்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஆலோசனையின் எடை விளங்கும்.

உண்மையான மாற்றம் 1878-ல் அ. சேஷையா சாஸ்திரி வந்த பிறகே நிகழ்ந்தது. திருவாங்கூரில் திவானாக இருந்து அனுபவப்பட்டவர் அவர். விளைச்சலைக் களத்திலேயே அரசும் குடியானவரும் பங்கிட்டுக்கொள்ளும் அமானி முறையை எடுத்துவிட்டுப் பணத் தீர்வையைக் கொண்டுவந்தார். அமானியில் களத்துமேட்டில் எத்தனை கைகள் நெல்லை அள்ளின என்பதை எண்ணினால் அந்த மாற்றம் தேவைதான். ஆனால் விளைச்சல் குறைந்தால் அரசின் பங்கும் குறையும் என்ற பழைய ஏற்பாடு அதோடு போய்விட்டது. அந்த அளவில் புதுக்கோட்டைக் குடியானவர் பேரையூர் ஜமீனின் நிலைக்கு ஒரு படி நெருங்கினார்.

1888-ன் இனாம் (மானிய நில) செட்டில்மெண்ட் இன்னும் ஆழமானது. அமரம் என்ற போர் மானியம் பெற்ற அமரக்காரர்களும் ஊழிய மானியக்காரர்களும் அரசருக்குப் பணி செய்து நிலத்தை அனுபவித்தவர்கள். பணிக்குப் பதிலாக இனி பணம் என்றானது. உப்பிலும் அதே கதைதான். உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சுவதை 1887 உடன்படிக்கை நிறுத்தியது. ஈடாக ஆண்டுக்கு 38,000 ரூபாய் அரசின் கஜானாவுக்கு வந்தது. உப்புக் காய்ச்சிப் பிழைத்தவர்களின் தொழில் போயிற்று, ஈட்டுத் தொகை தர்பாருக்குப் போயிற்று. இந்த ஒரு வரவு செலவே மறைமுக ஆட்சியின் முழுப் பொருளாதாரத்தையும் காட்டிவிடுகிறது என்பேன்.

புதுக்கோட்டையைப் பற்றி நிக்கோலஸ் டர்க்ஸ் 1987-ல் வெளியிட்ட நூல், அதன் மகுடத்தை உள்ளீடற்றதாகக் கண்டது. கொடையால் இயங்கிய அரசியல் செத்து, சடங்கு மட்டுமே எஞ்சியது என்பது அவருடைய வாதம். இனாம்களைப் பொறுத்தவரை அதை மறுப்பதற்கில்லை. நவராத்திரியில் அரிசியோடு வழங்கிய அம்மன் காசு, ஓர் அணாவுக்கு இருபது என்ற மதிப்பில் ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்தது. கொடை சடங்கானதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் பேரையூரிலிருந்து பார்க்கும்போது அந்த வாதம் போதவில்லை. பேரையூர் ஜமீனில் வசூலான பணத்தின் ஒரு பகுதி பேஷ்குஷாக வெளியேறியது. புதுக்கோட்டையின் நிலவரி புதுக்கோட்டை கஜானாவிலேயே தங்கியது. சேஷையா சாஸ்திரி நகரைத் திருத்தியமைத்ததும் குளங்களைச் செப்பனிட்டதும் அந்தப் பணத்தில்தான். அரசரின் கையில் அதிகாரம் எவ்வளவு மிஞ்சியது என்பதை மட்டும் கேட்கும் ஆய்வு, வரிப்பணம் எல்லைக்குள் தங்கியதா என்ற கேள்வியை விட்டுவிடுகிறது. குடியானவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

இரண்டு அமைப்புகளும் ஒரே ஆண்டில் முடிவுக்கு வந்தன. 1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்தது. ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டமும் அந்த ஆண்டினதே. கொடிகளும் பட்டங்களும் எளிதாக இறங்கின, இனாம்கள் இறங்கவில்லை. புதுக்கோட்டை இனாம்களைத் தீர்த்துவைக்க 1955-ல் சென்னைச் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.