மேல்கோட்டை முதல் மைசூர் வரை: திருவாய்மொழியின் வாசகர் மரபு

தமிழ் இலக்கிய வரலாறு கவிஞர்க்கு அளித்த இடத்தை வாசகர்க்கு அளித்ததில்லை. மெய்யியற் கவிதையைப் பொறுத்தவரை இக்குறை பெரிதாகும். உள்ளது எது, இல்லது எது, உயிருக்கும் உடலுக்கும் உள்ள உறவு யாது என்னும் வினாக்களைக் காதலின் தவிப்போடு பிணைத்துப் பாடும் கவிதை, வாதிட்டுப் படிப்போர் இன்றி நிலைபெறுதல் அரிது. ஆங்கிலத்தில் இவ்வகைக்கு முதல்வராகக் கருதப்படும் ஜான் டன் (1572–1631) இதற்குச் சான்று. 1779இல் சாமுவேல் ஜான்சன் இக்கவிஞர் குழுவினரைக் குறைகூறும் நோக்கிலேயே 'மெய்யியற் கவிஞர்' எனச் சுட்டினார். 1921இல் கிரியர்சன் வெளியிட்ட தொகைநூலும், அதற்கு டி. எஸ். எலியட் எழுதிய மதிப்புரையும் அவர்களைப் பரவலாக மீட்டுத் தந்தன. அறுந்த வாசிப்பு அங்கே மீண்டும் முடிச்சிடப்பட்டது.

நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு அத்தகைய முறிவு நேரவில்லை. அம்முறியாத இழையின் ஒரு பகுதி கன்னட நாட்டில் நூற்கப்பட்டது என்பது போதிய அளவு கவனிக்கப்படாத செய்தியாகும்.

மைசூர்க்கு வடக்கே, இன்றைய மண்டியா மாவட்டத்தில் உள்ள மேல்கோட்டை, வைணவ மரபில் திருநாராயணபுரம் எனப் பெயர்பெறும். இராமானுசர் இங்குப் பன்னீராண்டு தங்கினார் என்பது மரபு. அவருக்குப் பின் பராசர பட்டர் இவ்வூர்க்கு வந்து, இங்கு வாழ்ந்த வேதாந்தி ஒருவரோடு பல நாள் வாதிட்டு வென்றார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். தோற்ற வேதாந்தி செல்வத்தைத் துறந்து திருவரங்கம் சென்று நஞ்சீயர் ஆனார். பட்டரின் ஆணைப்படி ஒன்பதினாயிரப்படி என்னும் உரையை வரைந்தார். திருவாய்மொழி உரைகளுள் காலத்தால் இரண்டாவது இது. முதலாவது திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி. வரலாற்று நுணுக்கங்களில் ஐயம் கொள்வோரும் இக்கதையின் உட்பொருளைத் தள்ளிவிட இயலாது. வடமொழித் தருக்கத்தில் ஊறிய ஒருவர்க்குத் தமிழ்ப் பாசுரம் தாலாட்டாக வந்து சேரவில்லை. தம்மை வென்ற வாதமாக வந்து சேர்ந்தது. நஞ்சீயர் திருவாய்மொழியை நூறு முறை விரித்துரைத்தார் என்று மரபு போற்றுவது, மாறி வந்தவரின் வேட்கை எத்தகையது என்பதைக் காட்டும்.

அவ்வுரையைப் படியெடுத்த நம்பிள்ளையின் கதை இன்னும் சுவையானது. காவிரியைக் கடக்கையில் சுவடி ஆற்றோடு போயிற்று; அவர் நினைவிலிருந்து மீண்டும் எழுதினார்; எழுதும்போது தமக்குத் தோன்றிய பொருளையும் சேர்த்தார்; நஞ்சீயர் சினவாமல் மகிழ்ந்தார் என்பர். படியெடுப்பவரே உரைகாரராக மாறும் இம்மரபில், வாசித்தல் என்பது எழுதுதலிலிருந்து பிரிந்து நிற்கவில்லை. நம்பிள்ளையின் விரிவுரையை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரு பாட்டிற்குப் பட்டர் ஒன்று சொன்னார், நஞ்சீயர் வேறு கேட்டார் என ஆசிரியர் மாணவரின் குரல்களை அவ்வுரை பதிவுசெய்கிறது. இதனைச் சமய நூல் என்று மட்டும் ஒதுக்கிவைத்தது தமிழாய்வுக்கு இழப்பே.

உரையாசிரியர்கள் கவிதையின் தருக்கத்தை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதற்கு முதற்பத்தின் முதல் திருவாய்மொழி சான்றாகும். அதன் ஒன்பதாம் பாசுரம், இறைவனை 'உளன்' என்றாலும் 'இலன்' என்றாலும் இரண்டும் அவனுடைய இருப்பையே காட்டும் என நிறுவுகிறது. உரைமரபு அதனைச் சூனியவாத மறுப்பாகக் கொள்கிறது. டன்னின் வாசகர் வியக்கும் அதே தருக்க விளையாட்டு, சில நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழில் நிகழ்ந்து, உரியவாறு உணரவும்பட்டது.

மேல்கோட்டை வாசகரின் ஈடுபாட்டிற்கு வேறொரு தடயமும் உண்டு. இவ்வூர் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றன்று. எனினும் நான்காம் பத்தின் முதல் திருவாய்மொழியை மரபு திருநாராயணபுரத்திற்கு உரியதாக்கியது. உலகாண்ட மன்னரும் வறியராகி அலைவர் என்று செல்வ நிலையாமையைப் பாடும் பதிகம் அது. மைசூர் மன்னர் இராச உடையார் அளித்த இராசமுடி அணிந்த பெருமாள்முன் இப்பதிகம் ஒலிப்பதில் உள்ள முரண் நினைக்கத்தக்கது. பதினைந்தாம் நூற்றாண்டில் நம்மாழ்வாரின் உள்ளக்கிடக்கையை ஆராயும் ஆசார்ய ஹிருதயத்திற்கு உரை வகுத்த ஆய் ஜனன்யாசாரியரும் இவ்வூரவரே.

இவ்வாசகர் வழியினர் வீட்டில் கன்னடம் கலந்த தமிழும் வெளியில் கன்னடமும் பேசினர். பிரபந்தத்தைக் கன்னட எழுத்தில் அச்சிட்டும் ஓதினர். மேல்கோட்டையில் பிறந்த பு. தி. நரசிம்மாச்சார் (1905–1998) இச்சூழலிலிருந்து கன்னடக் கவிஞராக எழுந்தார்.

மைசூரில் 1929இல் பிறந்த அ. கி. இராமானுசன் இவ்வழியில் வேறு திசைக்குச் சென்றவர். கீழ்த்தளத்தில் தாயின் தமிழ், மாடியில் கணிதப் பேராசிரியரான தந்தையின் ஆங்கிலம், தெருவில் கன்னடம் எனத் தம் வீட்டை அவரே பிற்காலத்தில் விவரித்துள்ளார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று, 1962 முதல் சிகாகோவில் பணியாற்றிய அவர், 1981இல் நம்மாழ்வார் பாடல்களின் தெரிவொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 'ஆழ்வார்' என்பதன் வேர்ப்பொருளை வைத்து, மூழ்குவோர்க்கான பாசுரங்கள் எனத் தலைப்பிட்டார். சங்க அகமரபு பக்திக்குள் உருமாறியதை அந்நூலின் பின்னுரை விளக்கியது. உரைமரபு இறைக்கும் உயிர்க்கும் உள்ள உறவைத் தேடிய இடங்களில், அவர் கவிதையின் கட்டமைப்பைத் தேடினார். வழிபாட்டிற்கு வெளியே நிற்கும் வாசகர்க்கு நம்மாழ்வார் கிடைத்தது இதனால்தான்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டவை. நூலின் இறுதிச் சொல் அதன் முதற்சொல்லைச் சென்று தொடும். தெரிவுநூல் எதிலும் இவ்வளையம் அறுந்தே தீரும். வைணவக் கோயில்களில் இராப்பத்து நாள்களில் பத்துப் பத்தாகத் தொடர்ந்து ஓதப்படும்போது அது முழுமையாக மூடிக்கொள்கிறது. ஆயின் அங்கே ஓதுவோர் அனைவரும் நஞ்சீயரைப்போல் நின்று வினவுவதில்லை.